யார் இந்த அந்தோனி கொன்சால்வெஸ்?

1977-ம் ஆண்டு மே மாதத்தில் ‘அமர் அக்பர் அந்தோனி’ என்ற இந்திப் படம் வெளிவந்தது. அதில் ஈஸ்டர் பண்டிகைக் கொண்டாட்டக் காட்சி ஒன்று உண்டு. பிரம்மாண்டமான ஒரு முட்டையைத் திறந்துகொண்டு அமிதாப் பச்சன் வெளிப்படுகிறார். தலையில் உயரத் தொப்பி, உடம்பில் வால்கோட்டு. அவர் ஆடுகிறார், பாடுகிறார், தம் பெயரையும் சொல்லிக்கொள்கிறார். அந்தோனி கொன்சால்வெஸ்! கொட்டகையில் கூடிய ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். இன்றும் அந்தப் பாட்டு எங்கேயாவது ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தப் பெயருக்கு உரிய மனிதர் ஒருவர் உண்மையிலேயே இருந்தார் என்பது சிரித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இருந்தார். 1927-ல் கோவாவின் மஜோர்டா கிராமத்தில் பிறந்தவர். பம்பாய் சினிமா உலகில் பிடில் வாசித்தவர். பாட்டுகளுக்கு வாத்திய அமைப்பு எழுதிக் கொடுத்தவர். லட்சுமிகாந்த் - பியாரேலால் என்ற இரட்டையரில் பியாரேலாலுக்குப் பிடில் கற்பித்த குரு அவர். ஆர்.டி. பர்மனும் அவரிடம் பாடம் கேட்டார். மாணவர் செலுத்திய குருதட்சிணையாகவே அந்தப் பெயர் பாட்டில் ஏறியது.

நன்றி மறவாத மாணவரைப் பாராட்டுவோம். ஆனால் நாம் கேட்பது வேறு. வருஷக்கணக்கில் உழைத்து, நாடு முழுவதும் கேட்ட இசைக்குத் தோள் கொடுத்த ஒருவரின் பெயர், அவருடைய இசையால் ஜனங்களுக்குத் தெரியவரவில்லை. ஒரு வேடிக்கைப் பாட்டின் மூலமாகத்தான் தெரியவந்தது. இது எவ்விதம் நேர்ந்தது? தற்செயலா? தலைவிதியா? இரண்டும் அல்ல. இசையை உண்டாக்குகிறவன் ஒருவன், இசைக்கு உடைமைக்காரன் வேறொருவன் என்ற ஏற்பாட்டின் விளைவு இது. அதைத்தான் இங்கே விவரிக்க விரும்புகிறோம்.

கோயில் பள்ளிக்கூடத்திலிருந்து பம்பாய்க்கு

போர்ச்சுகீசியர் 1510-ல் கோவாவைப் பிடித்தார்கள். 1961 டிசம்பரில் கோவா விடுதலை பெறும்வரை, நானூற்றைம்பது ஆண்டுகள் அவர்கள் ஆட்சி நடந்தது. மாதா கோயில்களை ஒட்டிப் பள்ளிக்கூடங்கள் நடந்தன. பூசைக்குப் பாடகர் வேண்டும், பிடில் வாசிப்போர் வேண்டும் என்பதற்காக ஏழை வீட்டுச் சிறுவர்களுக்கும் மேனாட்டு ஸ்வரக் குறிப்பு அங்கே கற்பிக்கப்பட்டது. கற்பித்தவர்களின் நோக்கம் வழிபாடு. கற்றுக்கொண்டவர்களுக்கோ அது ஒரு கைத்தொழிலாக ஆயிற்று.

ஏனெனில், கோவாவில் பிழைப்புக்கு வழியில்லை. ஆலைகள் இல்லை, வேலைகள் இல்லை. குடும்பத்துக்கு ஒருவராவது பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் பெயர்ந்தார்கள். கப்பலில் வேலைக்குப் போனவர் சிலர், சமையல்காரரானவர் சிலர். காதில் ஸ்வரமும் கையில் பிடிலும் டிரம்பெட்டும் உள்ளவர்கள் பட்டாளத்துப் பாண்டிலும், சமஸ்தானத்து ராஜாக்களின் பாண்டிலும், ஊமைப் படம் காட்டிய கொட்டகைகளிலும் சேர்ந்தார்கள். பம்பாயில் தோபி தலாவ் பகுதியில் ‘குட்’ என்ற பெயரில் ஊர்வாரியாகத் தங்கும் இடங்களை அவர்கள் அமைத்துக்கொண்டார்கள். சுவரோரம் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி, கூடத்தில் ஊர்ப் புனிதரின் பீடம், இரவில் பாய். இதுதான் குட். எத்தனையோ சங்கீதக்காரர்கள் பம்பாயில் முதல் இரவைக் கழித்தது இத்தகைய பாயின்மீதுதான்.

அந்தோனி கொன்சால்வெஸின் தகப்பனாரே மஜோர்டா மாதா கோயில் பாடகர் குழுவுக்கு ஆசிரியர். மகனுக்கு முதல் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. 1943-ல், பதினாறு வயதுப் பருவத்தில், நௌஷாதின் குழுவில் பிடில்காரராக அவர் பம்பாயில் சேர்ந்தார்.

ஊருக்கு விடுமுறை, இவர்களுக்கு வேலை

சங்கீதத் தொழிலாளியின் காலண்டர் மற்றவர் காலண்டரைப் போன்றதல்ல. ஊர் ஓய்ந்திருக்கும் நாளில் இவன் உழைக்கிறான். ஊர் கொண்டாடும் இரவில் இவன் குடும்பத்தைப் பிரிந்து மேடையில் நிற்கிறான்.

பம்பாயில் டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் பாண்டுகாரர்களுக்குக் கிராக்கி. கிறிஸ்துமஸ் நடனம், புதுவருஷ நடனம், அதையடுத்துக் கல்யாணங்கள், அப்புறம் கார்னிவல். இரவு முழுவதும் வாசித்துவிட்டு விடியற்காலையில் குட்டுக்குத் திரும்புவார்கள். பிறகு தவக்காலம் வந்துவிடும். நாற்பது நாட்கள் கத்தோலிக்கர் வீட்டில் கல்யாணம் இல்லை, நடனம் இல்லை. அதாவது சங்கீதக்காரனுக்கு வரும்படியும் இல்லை. இரண்டு மாதம் சம்பாதித்ததைக் கொண்டு மற்ற மாதங்களை ஓட்ட வேண்டும். காய்ச்சல் கண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் படுத்துவிட்டவன் வருஷம் முழுவதும் கடனாளி.

இது பம்பாயின் கதை மட்டுமல்ல. துர்க்கா பூஜைக்கு முந்திய நாட்களில் கல்கத்தா சியால்தா ரயில் நிலையத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ‘டாக்’ என்ற பெரிய கொட்டுகளைச் சுமந்துகொண்டு கிராமங்களிலிருந்து வந்த கொட்டுக்காரர்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அழைத்துப் போகப் பூஜைக் கமிட்டியார் வருவார்களா என்று வாசித்துக் காட்டியபடியே காத்திருப்பார்கள். கொட்டும் பிடிலும் வேறு, மதமும் மொழியும் வேறு. ஆனால் பண்டிகை நாலு நாளில் வருஷத்துப் பசியைத் தீர்த்துக்கொள்ள வேண்டிய நிலைமை ஒன்றுதான்.

பெரிய ஓட்டல்களின் நடன மண்டபங்களில் வெகுகாலம் ஐரோப்பியப் பாண்டுகளே ஆதிக்கம் செலுத்தின. 1935-ல் லியான் ஆபி என்பவர் தலைமையில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் குழு ஒன்று பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் வாசிக்க வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பியானோ மேதை டெடி வெதர்போர்டும் வந்தார். அவர் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாசித்து, இந்த நாட்டிலேயே மணம் முடித்து, 1945-ல் கல்கத்தாவில் காலராவுக்குப் பலியானார். சொந்த நாட்டில் நிறவெறியால் ஒதுக்கப்பட்ட அவர்களுக்கு இங்கே மேடை கிடைத்தது. அவர்களிடமிருந்து ஜாஸ் வித்தையைக் கற்றுக்கொண்டவர்கள் நம் கோவாக்காரர்கள். அல்டோனா கிராமத்தில் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ் என்பவர் ‘சிக் சாக்கலேட்’ என்ற பெயரில் டிரம்பெட் வாசித்து, இந்தியாவின் லூயி ஆம்ஸ்டிராங் என்று பெயரெடுத்தார். ஒதுக்கப்பட்டவனிடமிருந்து ஒதுக்கப்பட்டவன் கற்றுக்கொண்ட கலை இது.

திரைக்குப் பின்னால் நடந்தது

விடுதலைக்குப் பின்னர் இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடந்தன. பம்பாய் மாகாணத்தில் 1949-ம் வருஷச் சட்டத்தின்படி மதுவிலக்கு வந்தது. மதுவை நம்பி நடந்த இரவு விடுதிகள் பல மங்கின. சட்டத்தின் நன்மை தீமையை இங்கே நாம் விவாதிக்கவில்லை. பாண்டுகாரனின் பிழைப்பு சுருங்கிற்று என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம். அதே சமயத்தில் இந்தி சினிமா பெருகிற்று. பெரிய வாத்தியக் குழு, பலத்த ஓசை என்று ஸ்டூடியோக்கள் கேட்டன. இரவில் ஓட்டலில் வாசித்தவர்கள் பகலில் ஸ்டூடியோவுக்குப் போனார்கள்.

அங்கே நடந்த வேலை என்ன? இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு மெட்டைப் பாடிக் காட்டுவார். அவர்களில் பெரும்பாலோர் இந்துஸ்தானி சங்கீதத்தில் ஊறியவர்கள். கேட்டுப் பழகிய வித்தை, காகிதத்தில் எழுதும் வித்தை அல்ல. ஐம்பது பேர் ஒன்றுசேர்ந்து வாசிக்க வேண்டுமானால் ஒவ்வொருவர் கையிலும் எழுதிய தாள் இருக்க வேண்டும். அதை எழுதியவர்கள் கோவாவின் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பிடில்கள் எங்கே எழ வேண்டும், குழல் எங்கே பதில் சொல்ல வேண்டும், சரணத்துக்கும் பல்லவிக்கும் இடையே என்ன ஒலிக்க வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானித்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

சங்கர் - ஜெய்கிஷன் பாட்டுகளுக்கு நெடுங்காலம் இவ்விதம் எழுதியவர் செபாஸ்டியன் டிசோஸா. சி. ராமச்சந்திராவுடன் உழைத்தவர் சிக் சாக்கலேட். 1951-ல் வந்த ‘அல்பேலா’ படத்தில் அவரும் அவர் குழுவினரும் திரையிலேயே தோன்றினார்கள். பல இசையமைப்பாளர்களிடம் பணிபுரிந்த பிராங்க் பெர்னாண்ட், பிற்பாடு 1963-ல் ‘ஆம்சேம் நொசிப்’, 1966-ல் ‘நிர்மோன்’ என்று தம் தாய்மொழியான கொங்கணியில் படங்களைத் தயாரித்தார். படத்தின் முகப்பில் இத்தகையோருக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் ‘உதவியாளர்’ என்ற சொல். பலருக்கு அதுவும் இல்லை. பிடில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கோ ஒன்றுமே இல்லை. நாள் கூலி ரொக்கமாகக் கைக்கு வரும். அத்தோடு கணக்குத் தீர்ந்தது.

அந்தோனி கொன்சால்வெஸ் கூலியோடு திருப்தியடையவில்லை. அவர் மனத்தில் வேறொரு தாகம் இருந்தது. பிறந்த மண்ணின் ராகங்களைத் தாம் அறியாமல் போனோமே என்று இந்துஸ்தானி வித்வான்களை நாடிக் கேட்டார், கற்றார். மேனாட்டு வாத்தியக் குழுவின் பல குரல் அமைப்பில் நம் ராகத்தை அதன் உயிர் கெடாமல் வைக்க முடியுமா என்று சோதித்தார். ‘சொனாட்டினா இந்தியானா’, சாரங் ராகத்தில் ஒரு கன்செர்ட்டோ என்று எழுதினார். 1958-ல் ‘சிம்பனி ஆர்க்கெஸ்டிரா ஆப் இந்தியா’ என்ற குழுவை அமைத்து, செயிண்ட் சேவியர் கல்லூரி முற்றத்தில் கச்சேரி நடத்தினார். லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் பாடினார்கள். சினிமாத் தயாரிப்பாளன் கேட்காத இசை, எந்தக் கதாநாயகியும் அதற்கு ஆடவில்லை. சங்கீதத் தொழிலாளர்கள் தங்களுக்காகவும் ஜனங்களுக்காகவும் வாசித்த இசை.

அது நீடிக்கவில்லை. தனி மனிதரின் உறுதியை மட்டும் நம்பி அத்தகைய ஸ்தாபனம் எத்தனை நாள் நிற்கும்? 1965-ல் அவர் அமெரிக்காவில் சிரக்யூஸ் சர்வகலாசாலைக்குச் சென்றார். திரும்பி வந்தபின் மஜோர்டாவில் அமைதியாக வாழ்ந்து, 2012 ஜனவரியில் காலமானார்.

‘அந்நியக் கலை’ என்போருக்கு

இந்த வாத்தியமெல்லாம் அந்நியம், இவர்கள் மதமும் அந்நியம், இந்தியக் கலாச்சாரத்துக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று பேசுவோர் இன்று பெருகியிருக்கிறார்கள். அவர்களைக் கேட்கிறோம்: பிடில் எந்த நாட்டு வாத்தியம்? ஐரோப்பாவின் வாத்தியம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கையில் எடுத்தார். இன்று பிடில் இல்லாத கர்நாடக சங்கீதக் கச்சேரி உண்டா? ஆர்மோனியத்தை அந்நியச் சரக்கென்று சொல்லி 1940-ல் அகில இந்திய ரேடியோ தடுத்துப் பார்த்தது. ஆர்மோனியம் செத்துவிட்டதா? பஜனை மடத்திலும் நாடகக் கொட்டகையிலும் ஜனங்கள் அதை விடவில்லை. முப்பது வருஷங்களுக்குப் பின்னர் ரேடியோவே கதவைத் திறக்க வேண்டியதாயிற்று.

கலாச்சாரம் என்பது பூட்டி வைத்த பெட்டகம் அல்ல. அந்தக் காலத்து இந்திப் பாட்டை இந்தியக் கலாச்சாரம் என்று எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். அது எப்படி உண்டாயிற்று? லக்னௌவில் பிறந்த முஸ்லிம் மெட்டுப் போட்டார், மராட்டியப் பெண் பாடினார், கோவாக் கிறிஸ்தவர் எழுதிய தாளை வைத்துக் குழு வாசித்தது. இதில் அந்நியன் யார்? ஒருவரை நீக்கிப் பாருங்கள், பாட்டு நிற்காது. கிறிஸ்துமஸ் இரவில் வாசித்த அதே கைதான் ஹோலிப் பாட்டுக்கும் தீபாவளிப் பாட்டுக்கும் வாசித்தது. கையின் மதத்தை அப்போது யாரும் விசாரிக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நாற்காலி செய்த தச்சன் பெயரை நாற்காலியில் எழுதுகிறோமா, கூலி வாங்கினான் அல்லவா, அப்புறம் பெயர் எதற்கு என்று வாதிப்போரும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நாற்காலி ஒருமுறை விற்கிறது. பாட்டோ இசைத்தட்டாக விற்றது, காசெட்டாக விற்றது, இன்று கைபேசியில் விற்கிறது. ஒவ்வொரு பண்டிகைக்கும் மறுபடி மறுபடி பணமாகிறது. ஒருநாள் உழைப்பு ஐம்பது வருஷம் லாபம் ஈட்டும்போது, உழைத்தவனுக்கு ஒருநாள் கூலியோடு கணக்குத் தீர்ந்தது என்பது எந்த ஊர் நியாயம்?

அந்தப் படம் வெளிவந்த அதே 1977-ம் வருஷம், மார்ச் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியத் தீர்ப்பு அளித்தது. படத்துக்காகக் கூலி கொடுத்து எழுதச் செய்த பாட்டின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளருக்கே என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் இருந்தவர். தீர்ப்போடு அவர் ஒரு குறிப்பும் எழுதினார். பாடுபவருக்குச் சட்டத்தில் உரிமையே இல்லை, பார்லிமெண்ட் இதைக் கவனிக்க வேண்டும் என்று சுட்டிக்காட்டினார்.

பார்லிமெண்ட் மெதுவாகவே கவனித்தது. பாடுவோர், வாசிப்போர் உரிமை 1994 திருத்தத்தில் வந்தது. 2012 திருத்தம் இன்னும் முன்னே சென்றது. பாட்டு எழுதுவோருக்கும் இசையமைப்போருக்கும் ராயல்டியில் பங்கு உறுதியாயிற்று. நிகழ்த்துவோருக்கும் ராயல்டி உண்டு என்றாயிற்று. வரவேற்கிறோம். ஆனால் அதே திருத்தத்தில், நிகழ்த்துவோர் என்றால் யார் என்று கூறும் விதியோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது. சினிமாவில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ சிறியதாகவோ இருந்து, தொழிலின் வழக்கப்படி அவர் பெயர் படத்தில் எங்கும் போடப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துவோர் ஆகமாட்டார். தம் வாசிப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை ஒன்று மட்டும் அவருக்கு மிஞ்சும்.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள் தோழர்களே! பெயர் போடுமாறு கேட்பது ஒரு உரிமை. அந்த உரிமை யாருக்கு இல்லை? வழக்கமாகப் பெயர் போடப்படாதவனுக்கு. பெயர் இல்லாததால் உரிமை இல்லை, உரிமை இல்லாததால் பெயர் இல்லை! முப்பதாவது பிடில்காரனின் பங்கு சிறியது என்று நாளை ஒரு கம்பெனி வாதித்தால் அவனுக்குத் துணை என்ன? நூறு பிடில்களும் ஒன்றுசேர்ந்தால்தான் அந்த நாதம். ஒவ்வொன்றும் சிறியது என்று சொல்லி நூறையும் தள்ளிவிடலாமா? பெயர் கேட்பதை வெறும் புகழாசை என்று நினைப்பவர்கள் இந்த நிபந்தனையை ஒருமுறை படிக்கட்டும்.

இயந்திரமும் மனிதனும்

1957-ல் வந்த ‘நயா தௌர்’ படத்தில் கொன்சால்வெஸும் பணியாற்றினார். ஜட்கா வண்டிக்காரர்களின் பிழைப்பை பஸ் வந்து பறிப்பதுதான் அதன் கதை. முப்பது வருஷத்துக்குள் அந்தக் கதை அதற்கு வாசித்தவர்களின் கதையாயிற்று. எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து சிந்தசைசர் வந்தது. ஒருவர் ஒரு கருவியை வைத்துக்கொண்டு ஐம்பது பிடில்களின் ஓசையை எழுப்பினார். வாத்தியக் குழுக்கள் கலைந்தன. இன்று அதைவிடப் பெரிய இயந்திரம் வந்திருக்கிறது. பழைய ஒலிப்பதிவுகளை லட்சக்கணக்கில் விழுங்கி, மனிதர் எவரும் வாசிக்காத இசையைக் கம்ப்யூட்டரே உண்டாக்குகிறது. அது விழுங்கிய பதிவுகளில் பெயரில்லாத அந்தப் பிடில்காரர்களின் வில்லோசையும் இருக்கும். யாரிடம் அனுமதி கேட்பது, யாருக்குப் பங்கு கொடுப்பது? பெயரேடு இல்லை என்று கம்பெனி கைவிரிக்கும்.

இயந்திரத்தை உடை என்று நாம் கூறவில்லை. இயந்திரத்தின் பலன் உழைத்தவனையும் சேர வேண்டும் என்கிறோம்.

என்ன செய்ய வேண்டும்?

சென்னையில் எம்.பி. ஸ்ரீநிவாசன் செய்ததை நினைவுகூர்வது நல்லது. இடதுசாரி இயக்கத்தில் வளர்ந்த அந்த இசையமைப்பாளர், தாமே பெயர் பெற்ற ஸ்தானத்தில் இருந்துகொண்டு, பெயரில்லாத சினிமா வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் கண்டார். பம்பாயிலும் கலைஞர்கள் சங்கம் கண்டு, ஊதிய விகிதம் பேசினார்கள். கலைஞன் வேறு, தொழிலாளி வேறு என்ற பிரமையை அவர்கள் உடைத்தார்கள்.

அந்த வேலை இன்னும் முடியவில்லை. படத்திலும் இசைத் தளங்களிலும் வாசித்த ஒவ்வொருவர் பெயரும் பதிவாக வேண்டும். 2012 திருத்தத்தின் அந்த நிபந்தனையை நீக்க வேண்டும். கோவா வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கும் ஸ்வரத் தாள்களைச் சர்க்கார் செலவில் சேகரித்துக் காக்க வேண்டும். கிறிஸ்துமஸ், புதுவருஷ இரவுகளுக்குக் கலைஞர்களை அமர்த்தும் ஓட்டல்கள் எழுத்து மூலம் ஒப்பந்தம் கொடுத்து, முன்பணமும் தர வேண்டும். விருந்து ரத்தானால் கூலியும் ரத்து என்ற வழக்கம் ஒழிய வேண்டும். இவையெல்லாம் நடக்கக் கூடியவையே, கேட்பதற்கு ஒன்றுபட்ட குரல்தான் வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பண்டிகை இரவில் மேடையில் வாசிப்பவரைக் கண்டால், பாட்டு நன்றாயிருந்தது என்று சொல்வதோடு நில்லாமல், பெயர் என்னவென்று கேளுங்கள். கேட்ட பெயரை நாலு பேரிடம் சொல்லுங்கள். வரப்போகும் டிசம்பரிலும் ஆயிரமாயிரம் கலைஞர்கள் தங்கள் வீட்டுப் பண்டிகையை விட்டுவிட்டு நம் பண்டிகைக்கு வாசிக்கப் போகிறார்கள். அவர்களுக்கும் பெயர் உண்டு.